நன்கொடையை விடப் பழத்தின் விலை

கேள்வி: வெள்ளவத்தையில் என் மாமனார் தொடங்கிய கோப்பி வறுக்கும் தொழிலை இப்போது நானும் கணவரும் நடத்துகிறோம். பதுளைப் பக்கத்து வீட்டுத்தோட்டக்காரர்களிடம் அராபிகா வகைக் கோப்பி வாங்குகிறோம். இலாபத்தில் ஒரு பங்கை அக்கிராமப் பிள்ளைகளின் கொப்பி, புத்தகப்பைகளுக்குக் கொடுக்கிறோம். ஆயினும் காயும் பழமும் கலந்தே வருகின்றன. பாதி விளைச்சல் ஊர் வியாபாரியிடம் போய்விடுகிறது. வேறு எவ்வாறு உதவலாம்?

பதில்: உங்கள் நன்கொடையைக் குறை கூற மாட்டேன். ஆனால் அது பழம் பறிப்பவரின் கணக்கை மாற்றுவதில்லை. ஒரே கிளையில் பச்சைக் காயும் சிவந்த பழமும் சேர்ந்தே நிற்பதால், பழுத்ததை மட்டும் பறிக்க விரும்புபவர் ஒரு பருவத்தில் மூன்று நான்கு முறையாவது அதே மரத்துக்குத் திரும்ப வேண்டும். ஊர் வியாபாரியோ எல்லாவற்றையும் ஒரே விலைக்கு, உடன் காசுக்கு எடுக்கிறார். அந்நிலையில் கிளையை ஒரேயடியாக உருவிவிடுபவரைச் சோம்பேறி என்று சொல்ல முடியாது. அவருக்குக் கணக்குத் தெரியும்.

உங்கள் கணக்கையும் பாருங்கள். சுமார் 6 கிலோ பழத்திலிருந்து 1 கிலோ காய்ந்த கொட்டை கிடைக்கும். வறுக்கும்போது ஏறக்குறைய 15 சதவீத எடை குறையும். ஆகவே 1 கிலோ வறுத்த கோப்பிக்கு 7 கிலோ பழம் வேண்டும். பழத்துக்குக் கிலோவுக்கு 50 ரூபா கூட்டிக் கொடுத்தாலும், 200 கிராம் பொதியில் ஏறுவது 70 ரூபாதான். அந்த விலையைப் பருவம் தொடங்குமுன் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி அறிவியுங்கள்; பழத்தை அவர்கள் முன்னிலையிலேயே தண்ணீரில் இட்டு, மிதக்கும் சொத்தைப் பழத்தைத் தனியே பிரித்து, தராசடியிலேயே காசைக் கொடுங்கள்.

காய்ந்த கொட்டையாக வாங்குவதை விடப் பழமாக வாங்குவது இன்னும் பெரிய ஆதரவு. கொட்டை 11 சதவீத ஈரப்பதம் வரை காய வேண்டும். இடையில் மழை பிடித்து முற்றத்தில் பூஞ்சணம் பூத்தால் நட்டம் முழுவதும் விவசாயியுடையது. பழமாக வாங்கினால் அந்த நட்டம் உங்களைச் சேரும் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. பறித்த அன்றே தோலுரிக்க வேண்டியிருப்பதால், கையால் சுற்றும் தோலுரிக்கும் இயந்திரமும் உயரமான உலர்த்தும் தட்டுகளும் கிராமத்திலேயே இருக்க வேண்டும். இவ்வாண்டு நன்கொடைப் பணத்தை முதலில் அதற்கே ஒதுக்குங்கள்.

நாற்று வழங்கும் எண்ணமும் உங்களுக்கு வரலாம். மலையகத்துக்கு நம்மவர்கள் முதலில் வந்தது தேயிலைக்காக இல்லை, கோப்பிக்காக. 1869இல் இலங்கையில் கண்டறியப்பட்ட இலைத் துரு நோய் இருபது ஆண்டுகளுக்குள் அந்தத் தோட்டங்களை ஏறத்தாழ அழித்தது. ஆகவே துருவைத் தாங்கும் கன்றுகளைப் பற்றி ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்திடம் விசாரியுங்கள். ஒரே இனத்தை ஊர் முழுவதும் நடாதீர்கள். பலாவும் மிளகும் அங்கேயே நிற்கட்டும். புதிய கன்று காய்க்க ஏறத்தாழ மூன்றாண்டுகள் செல்லும். அப்போதும் வாங்குவோம் என்று எழுதிக் கொடுக்க இயலாவிட்டால், இப்போதைக்கு நாற்றுக் கொடுக்க வேண்டாம்.