எண்ணெயே சேர்ப்பதில்லை, எனக்கு ஏன் கொலஸ்ட்ரால்?

கேள்வி: வயது 34, எடை 48 கிலோ, சுத்த சைவம். பள்ளியில் நடந்த மருத்துவ முகாமில் எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ட்ரால்) 236 என்று வந்தது. டாக்டர் அதைக் குறைக்க ஸ்டேட்டின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். “இந்த வயசிலேயே ஆரம்பிச்சா ஆயுசுக்கும் விட முடியாது, வெந்தயம் சாப்பிடு” என்கிறார் மாமியார். என் அப்பா 43 வயதில் மாரடைப்பில் போய்விட்டார். தம்பி திடமாக இருக்கிறான், ரத்தப் பரிசோதனையே செய்ததில்லை. என் மகளுக்கு 9 வயது. என்ன செய்யட்டும்?
– ஒரு ஆசிரியை, திண்டுக்கல்

பதில்: உங்கள் சாப்பாட்டுக் கணக்கை விட்டுவிட்டு அப்பாவின் வயதைத்தான் நான் இரண்டு முறை படித்தேன். 43! எல்.டி.எல். 190-ஐத் தாண்டி, குடும்பத்தில் இளவயது மாரடைப்பும் இருந்தால் பரம்பரைக் கொலஸ்ட்ரால் நோயைத்தான் முதலில் சந்தேகிப்போம். ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கு இது உண்டு. தைராய்டு குறைவும் எல்.டி.எல்.லை ஏற்றும் என்பதால் அதையும் பார்த்துவிடுங்கள்.

உடம்பில் இருக்கும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி தட்டிலிருந்து வருவதல்ல, உடம்பே தயாரிப்பது. ரத்தத்தில் சுற்றும் எல்.டி.எல்.லை உள்ளே இழுத்துக்கொள்ளக் கல்லீரல் செல்களின் மேல் ஏற்பிகள் உண்டு. வாசற்கதவு என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைக் கண்டறிந்ததற்குத்தான் பிரவுன், கோல்ட்ஸ்டீன் என்ற அமெரிக்க விஞ்ஞானிகள் இருவருக்கும் 1985-இல் நோபல் கிடைத்தது. கதவைச் செய்யும் ஜீன் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. அதில் ஒன்று பழுதானால் பாதிக் கதவுதான் வேலை செய்யும். பிறந்த நாளிலிருந்தே எல்.டி.எல். தேங்கும். நீங்கள் எண்ணெயைக் குறைத்தது வீணில்லை, ஆனால் கதவு அதனால் திறக்காது.

கதவு விஷயத்தைக் கவனிப்பது மாத்திரைதான். கல்லீரலின் சொந்தத் தயாரிப்பை ஸ்டேட்டின் குறைக்க, கல்லீரல் பற்றாக்குறையைச் சமாளிக்க நல்ல ஜீனைக் கொண்டு கூடுதல் கதவுகளை வைக்கிறது. நேர்மாறான அதிர்ஷ்டசாலிகளும் உண்டு. பி.சி.எஸ்.கே.9 என்ற ஜீன் இந்தக் கதவுகளை அழிக்கும் புரதத்தைச் செய்வது. அமெரிக்காவில் கறுப்பின மக்களில் சிலருக்கு அந்த ஜீன் இரண்டில் ஒன்று வேலை செய்யவில்லை. அவர்களுக்கு எல்.டி.எல். 28 சதவீதம்தான் குறைவு, இதயநோயோ 88 சதவீதம் குறைவு என்று 2006-இல் வந்த ஆய்வு சொன்னது. பிறந்ததிலிருந்தே குறைவாக இருந்ததன் பலன் அது. சீக்கிரம் ஆரம்பியுங்கள் என்று நாங்கள் நச்சரிப்பது இதனால்தான்.

மாமியார் சொன்னதில் பாதி உண்மை, இது ஆயுசுக்கும்தான். வெந்தயமும் சாப்பிடுங்கள், மாத்திரைக்குப் பதிலாக மட்டும் வேண்டாம். அடுத்த குழந்தைக்கு யோசனை இருந்தால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், கர்ப்பத்தின்போது இதைப் பொதுவாக நிறுத்தி வைப்போம்.

உங்களுக்கு இந்த நோய்தான் என்றால் மகளுக்கு வர வாய்ப்பு சரிபாதி. 9 வயது, பரிசோதனைக்குச் சரியான வயது. சாதாரண ரத்தப் பரிசோதனை போதும். லிப்போபுரோட்டீன் (ஏ) என்று ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமக்கும் இன்னொரு துகள் உண்டு, அதுவும் பெரும்பாலும் பரம்பரைதான். வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும், உங்களுக்கு அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

என் அறைக்கு வருபவர்களிடம் செருப்பைக் கழற்றச் சொல்வேன். குதிகாலுக்கு மேலுள்ள தசைநாண் தடித்து முண்டும் முடிச்சுமாக இருந்தால் விஷயம் அங்கேயே தெரிந்துவிடும். தம்பியை இந்த வாரமே ரத்தம் கொடுக்கச் சொல்லுங்கள். திடமாக இருக்கிறான் என்பது பரிசோதனை முடிவு ஆகாது. அத்தை, சித்தப்பா இருந்தால் அவர்களுக்கும் சொல்லிவிடுங்கள்.