ஓய்வுக்குப் பிறகு வீட்டுச் செலவு தானாகவே குறைந்துவிடுமா?

குறையும். எனக்குப் பல் செட் கட்டச் சொல்லி இரண்டு வருஷம் ஆகிறது, இன்னும் கட்டவில்லை. அந்த மாதிரிக் குறையும்.

உங்களுக்கு ஓய்வு பெற நாலைந்து வருஷம் இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். தமிழக அரசுப் பணியில் 2003 ஏப்ரல் 1 அன்றோ அதற்குப் பிறகோ சேர்ந்தவர், 2023-ல் எப்படி ஓய்வு பெற்றார் என்பதுதான் என் கதை.

பதிவு மூப்பில் என் பெயர் வரவே 44 வயதாகிவிட்டது. 2007-ல் ஆசிரியையாகச் சேர்ந்தேன். பக்கத்து வகுப்பு டீச்சர் 1991-லேயே சேர்ந்தவர். இருவரும் 2023-ல் ஓய்வு பெற்றோம். அவருக்குப் பழைய ஓய்வூதியத் திட்டம்: கடைசி அடிப்படைச் சம்பளத்தில் பாதி மாதாமாதம் வருகிறது, அதன்மேல் ஏறிக்கொண்டே போகும் அகவிலைப்படி. 2003 ஏப்ரலுக்குப் பிறகு சேர்ந்ததால் எனக்குப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம். சம்பளத்தில் பிடித்த 10 சதவீதமும் அரசு போட்ட 10 சதவீதமும் வட்டியோடு ஒரே தடவையில் வந்தது, 26 லட்சம். அப்போது அதில் மாதப் பென்ஷன் கிடையாது.

அவர் 16 வருஷம் சீனியர், ஒப்பிடலாமா என்று யாராவது வருவீர்கள். சரி, தொகையை ஒப்பிடவில்லை. அவர் மாதக் கடைசியில் பர்ஸைத் துடைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார், ஒன்றாம் தேதி வந்துவிடும். நான் கால் கிலோ மீன் வாங்கினாலும் மூலதனத்தில் கை வைத்த மாதிரி இருக்கிறது.

இன்னொன்று, பென்ஷன்காரரிடம் யாரும் லட்சத்தில் கடன் கேட்பதில்லை. என் 26 லட்சம் ஊருக்கே தெரிந்திருந்தது. மனை வாங்க என்று தம்பி 2 லட்சம் வாங்கிப் போனான். இப்போது கல்யாண வீட்டில் பார்த்தால் பந்தியில் வேறு வரிசைக்குப் போய்விடுகிறான். அவன் படிப்புக்கு நான் டியூஷன் எடுத்த காசு போனது தனிக் கணக்கு, அதை இங்கே எழுதக் கூடாது.

மீதி 24 லட்சத்தை அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 8.2 சதவீதத்துக்குப் போட்டேன். காலாண்டுக்கு 49,200, மாதத்துக்குப் பிரித்தால் 16,400. பால் விலை ஏறினாலும் ஐந்து வருஷத்துக்கு அதே 16,400தான்.

அரசு ஊழியருக்கு என்ன குறை என்று கேட்பவர்களுக்கு: எதுவுமே இல்லாதவர்கள் எத்தனையோ பேர் என்று எனக்கும் தெரியும், என் வீட்டுக்காரரே தறி ஓட்டியவர்.

போன வாரம் டீச்சர் காசிக்குக் கூப்பிட்டார். முட்டி வலி என்று சொல்லிவிட்டேன்.