மெடிக்கல் பில்லிங் ஒழுங்காக நடந்தால் மனநல மருத்துவர்களுக்கும் தற்கொலைத் தடுப்புக்கும் உண்மையிலேயே உதவியா, இல்லை சும்மா விளம்பரப் பேச்சா?

பாதி விளம்பரம், பாதி உண்மை. சென்னையில் எட்டு வருடமாக ஏ.ஆர். காலராக இருக்கிறேன், கடைசி மூன்று வருடம் முழுக்க அமெரிக்க மனநல கிளினிக்குகளின் அக்கவுண்ட்தான். இந்த வேலை தெரியாதவர்களுக்காக: அங்கே டாக்டர் அனுப்பிய கிளைமுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தராவிட்டால், ராத்திரி முழுக்க அவர்களுக்கு போன் போட்டு, நாற்பது நிமிஷம் ஹோல்டு மியூசிக் கேட்டு, ஏன் தரவில்லை, என்ன செய்தால் தருவீர்கள் என்று கேட்டு வாங்குகிற வேலை.

"எங்கள் பில்லிங் உயிர்களைக் காப்பாற்றுகிறது" என்று சேல்ஸ் ஆட்கள் பிரசென்டேஷனில் போடும்போது எனக்குச் சிரிப்பு வரும். காப்பாற்றுவது தெரபிஸ்ட்டும் டாக்டரும் வீட்டு மனிதர்களும். ஆனால் பில்லிங்கில் சொதப்பினால் ஒருவர் வாரா வாரம் போய் உட்கார்ந்து பேசுகிற நாற்காலி பறிபோகும். அதை ஒரு தடவை கண்ணால் பார்த்தேன்.

ஒரு மார்ச் மாதக் கடைசி. என் ஒர்க் க்யூவில் ஒரே பேஷன்ட் ஐடியில் பதினோரு வரி. எல்லாமே 90834, அதாவது 45 நிமிட தெரபி. ஜனவரி முதல் செவ்வாயில் ஆரம்பித்து ஒவ்வொரு செவ்வாயும் ஒன்று, பதினொன்றும் டினையல், அதாவது பணம் தர முடியாது என்ற பதில். காரணத்தைத் தேடினால், புது வருடத்தில் அவருடைய பிளான் மாறியிருக்கிறது, புது பிளானில் மனநலப் பகுதியை மட்டும் வேறு ஒரு கம்பெனியிடம் ஒப்படைத்திருக்கிறார்கள் (அங்கே இது சர்வ சாதாரணம், எங்கள் பாஷையில் கார்வ் அவுட்). நாங்களோ மெடிக்கல் பக்கத்து பேயர் ஐடிக்கே (கிளைம் எந்தக் கம்பெனிக்குப் போக வேண்டும் என்று சொல்கிற எண்) அனுப்பிக்கொண்டிருந்தோம். சரியான விலாசம் கார்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது, கிளினிக்கில் முன்பக்கத்தை மட்டும் ஸ்கேன் பண்ணி வைத்திருந்தார்கள். முதல் டினையல் வந்து சேரவே மூன்று நான்கு வாரம் ஆகும், அதற்குள் நான்கு செஷன் ஓடிவிடும், அதுதான் இதில் கொடுமை.

சரி, இது தினமும் பார்க்கிற தப்புதானே என்று திருத்தப் போனேன். அப்புறம்தான் கவனித்தேன், பதினோராவது வரிக்குப் பிறகு வரியே இல்லை. அக்கவுண்ட் நோட்ஸைத் திறந்தால் ஃப்ரன்ட் டெஸ்க் எழுதியிருந்தது: இன்சூரன்ஸ் தரவில்லை, பாக்கித் தொகையை பேஷன்ட்டிடம் சொல்லியாயிற்று, அவர் இனி வரும் அப்பாயின்ட்மென்ட்டுகளை ரத்து செய்துவிட்டார். அந்தப் பதினொன்றில் எட்டு கிளைமில் டிப்ரஷன் கோடுக்குப் பக்கத்தில் ஆர்45.851 இருந்தது. எங்கள் டீமில் எல்லோருக்கும் அது மனப்பாடம். தற்கொலை எண்ணம் என்று அர்த்தம்.

அது அவர் கட்ட வேண்டிய பணமே இல்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். அந்த இன்னொரு கம்பெனியோடும் தெரபிஸ்ட்டுக்கு ஒப்பந்தம் இருந்தது, சரியான ஐடிக்குப் போயிருந்தால் ஒவ்வொரு தடவையும் கோபே (பேஷன்ட் தன் கையிலிருந்து தருகிற சின்னப் பங்கு) மட்டும் கட்டிவிட்டுப் போயிருப்பார். கிளைம் போட 90 நாள்தான் கெடு, முதல் வரிக்கு இன்னும் சில நாளே பாக்கி. அன்றைக்கே பதினொன்றையும் மாற்றி அனுப்பினேன், கிளினிக் மேனேஜருக்கு "பேஷன்ட்டைக் கூப்பிட்டு பாக்கி எதுவும் இல்லை என்று தயவுசெய்து சொல்லுங்கள்" என்று தனியாக ஒரு மெயிலும் போட்டேன். பணம் நான்கு வாரத்தில் வந்துவிட்டது. அவர் வந்தாரா என்பதைத் தெரிந்துகொள்ள எனக்கு இருந்த ஒரே வழி அந்த ஸ்கிரீன்தான், தினமும் அந்த ஐடியைத் திறந்து பார்ப்பேன். ஏப்ரல் கடைசியில் ஒரு புது வரி விழுந்தது, செவ்வாய்க்கிழமை, 90834. கீழே போய் டீ குடித்துவிட்டு வந்தேன், பக்கத்து சீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை.

இனி தெரபிஸ்ட் பக்கம். அமெரிக்காவில் மனநல மருத்துவர்கள் பலர் இன்சூரன்ஸே வேண்டாம் என்று கைப்பணம் வாங்குகிறார்கள். 2009-10 கணக்கை வைத்து வந்த ஓர் ஆய்வில் தனியார் இன்சூரன்ஸை ஏற்கிற சைக்கியாட்ரிஸ்ட்டுகள் சுமார் 55 சதவீதம், மற்ற துறை டாக்டர்களில் கிட்டத்தட்ட 89 சதவீதம். கட்டணம் குறைவு என்பது ஒரு காரணம், இந்த பேப்பர் தொல்லை இன்னொன்று. பெரிய ஆஸ்பத்திரிக்கு பில்லிங்குக்கென்று ஒரு டிபார்ட்மென்டே இருக்கும். தனியாக ஒரு ரூம் வாடகைக்கு எடுத்து நடத்துகிற தெரபிஸ்ட், நாள் முழுக்க அடுத்தவர் துக்கத்தைக் கேட்டுவிட்டு, ராத்திரி பத்து மணிக்குத் தானே கிளைம் போடுவார். இரண்டு மாதம் பணம் வராவிட்டால் "இனிமேல் இன்சூரன்ஸ் எடுப்பதில்லை" என்று போர்டு மாட்டிவிடுவார், பணம் இல்லாதவர்களுக்கு ஒரு கதவு மூடிவிடும். 2024 பிப்ரவரியில், டாக்டர்களின் கிளைம்களை இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்குக் கொண்டுசேர்க்கிற சேஞ்ச் ஹெல்த்கேர் என்ற நிறுவனத்தின் மீது சைபர் தாக்குதல் நடந்து நாடு முழுக்க கிளைம்கள் முடங்கியபோது முதலில் திணறியது இந்த மாதிரிச் சின்ன கிளினிக்குகள்தான்.

நெருக்கடியில் வருகிறவருக்குச் செய்கிற வேலைக்கே தனி கோடுகள் உண்டு, பலர் போடுவதில்லை. உயிருக்கு ஆபத்தான மனநிலையில் வந்தவரோடு 90 நிமிஷம் உட்கார்ந்திருந்தால் 90839, கூடவே 90840 போடலாம். ஆடிட்டுக்குப் பயந்தோ தெரியாமலோ சாதாரண 60 நிமிஷ கோடான 90837 போட்டு அனுப்புவார்கள். நோட்ஸில் ஆரம்பித்த நேரம், முடித்த நேரம், என்ன நெருக்கடி என்பது இருந்தால் போதும், வாதாடி வாங்கிவிடலாம். 2025 ஜனவரியிலிருந்து மெடிகேரில் (முக்கியமாக முதியோருக்கான அமெரிக்க அரசு இன்சூரன்ஸ்) இரண்டு புதுக் கோடுகள் வந்திருக்கின்றன. ஜி0560 என்பது பாதுகாப்புத் திட்டம் போடுவதற்கு, அதாவது மனம் தடுமாறும்போது என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது என்று நோயாளியோடு உட்கார்ந்து எழுதுவது, 20 நிமிஷத்துக்கு ஒன்று. ஜி0544 என்பது எமர்ஜென்சியிலிருந்து வீட்டுக்குப் போனவரைப் பிறகு போனில் கூப்பிட்டு விசாரிப்பதற்கு, மாதத்தில் நான்கு அழைப்பு. வீட்டுக்கு அனுப்பிய பிறகு வருகிற சில வாரங்கள்தான் ரொம்ப ஆபத்தானவை என்பது மருத்துவர்களுக்கு ரொம்ப நாளாகத் தெரியும். அந்த போனைப் போட ஒரு நர்ஸுக்கு ஒதுக்குகிற அரை மணி நேரத்துக்குச் சம்பளம் எங்கிருந்து வரும் என்பதற்குத்தான் இப்போது ஒரு பதில் கிடைத்திருக்கிறது.

988 இருக்கிறதே என்று கேட்பீர்கள். 2022 ஜூலையில் வந்த அமெரிக்க உதவி எண் அது, இலவசம், பில்லே கிடையாது. (இந்தியாவில் 14416, டெலி மானஸ், எந்த நேரமும் தமிழில் பேசலாம். இதைப் படிக்கிற உங்களுக்கே தேவைப்பட்டால் கூச்சப்படாமல் கூப்பிடுங்கள்.) ஆனால் அந்த போன் ஒரு ராத்திரியைத் தாண்ட வைக்கும். அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம் என்று நடக்க வேண்டிய அப்பாயின்ட்மென்ட்டுகள் இன்சூரன்ஸ் கார்டை நம்பித்தான் இருக்கின்றன.

அந்தப் பதினோரு வரிக்குப் பிறகு எங்கள் டீமில் ஒரு பழக்கம் கொண்டுவந்தேன். டிசம்பர் கடைசி வாரத்தில், வாரா வாரம் வருகிற பேஷன்ட்டுகளின் லிஸ்ட்டை எடுத்து, புது வருட பிளான் என்ன, மனநலத்துக்குத் தனிக் கம்பெனியா என்று ஒவ்வொருவருக்கும் எலிஜிபிலிட்டி, அதாவது இன்சூரன்ஸ் செல்லுமா என்று பார்ப்போம். கார்டின் இரண்டு பக்கமும் ஸ்கேன் வேண்டும் என்று கிளினிக்கை நச்சரிப்போம். இது நம் கான்ட்ராக்டிலேயே இல்லையே என்று டீம் லீட் வருடா வருடம் முனகுவார், அப்புறம் வீட்டுக்குக் கூட்டிப்போகிற கேப் வருகிற வரைக்கும் அவரும் உட்கார்ந்து லிஸ்ட்டில் பாதியை முடித்துக் கொடுப்பார்.