ஒரே வீட்டில் அண்ணன் இந்தியர், தம்பி அகதி

கேள்வி: நான் பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் பிறந்து வளர்ந்தவள். என் மாமனாரும் மாமியாரும் 1985-இல் இலங்கையிலிருந்து வந்தவர்கள். கணவர் 1987 மே மாதம் மண்டபம் அகதிகள் முகாமில் பிறந்தார், கொழுந்தன் 1991-இல் அங்கேயே பிறந்தார். இருவரும் இப்போது எங்களோடு இருந்து பெயின்டிங் வேலை செய்கிறார்கள். எங்கள் மகன் 2016-இல் பெங்களூரில் பிறந்தவன். சட்டவிரோதமாகக் குடியேறியவர்களைத் தேடுகிறோம் என்று போலீஸ் தெருவுக்கு வந்து போனதிலிருந்து வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்கிறார். ஒரு ஏஜென்ட் 15,000 ரூபாய் கொடுத்தால் கொழுந்தனுக்கு வோட்டர் ஐடி வாங்கித் தருகிறேன் என்கிறார். என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த ஏஜென்டுக்கு முடியாது என்று சொல்லிவிடுங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். உங்கள் வீட்டை ‘அகதிக் குடும்பம்’ என்று ஒரே ஃபைலாகப் பார்ப்பதை நீங்களும் நிறுத்த வேண்டும். சட்டத்தின் கண்ணில் அண்ணனுக்கும் தம்பிக்கும் வழி வேறு வேறு.

உங்கள் கணவர் அகதியே அல்ல. 1955 குடியுரிமைச் சட்டம் பிரிவு 3(1)(அ)-வின்படி, 26.1.1950 முதல் 30.6.1987 வரை இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியர். தூதரக அதிகாரியின் பிள்ளை போன்ற ஓரிரு விலக்கு தவிர, பெற்றோர் எந்த நாட்டவர் என்ற கேள்வியே அதில் கிடையாது. 1985 அசாம் ஒப்பந்தத்துக்குப் பின் வந்த திருத்தம் 1.7.1987 முதல் அந்தக் கதவை மூடியது. அதன்பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். உங்கள் கணவர் சில வாரங்கள் முந்திவிட்டார். 1986-இல் இதே மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022-இல் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டிருக்கிறது. அந்தத் தீர்ப்பு கர்நாடகத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால் சட்ட வரி ஒன்றுதான், எடுத்துக் காட்டலாம்.

ஆகவே எல்லாம் தேதியில் நிற்கிறது. தகராறும் அங்கேதான் வரும். பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியாரே ஒரு ஜூன் மாதத் தேதியைப் போட்டுவிடுவது நம் ஊர் வழக்கம். டிசியில் 5.6.1988 என்று இருந்து, முகாம் குடும்ப அட்டையில் 1987 மே என்று இருந்தால், அதிகாரி தனக்கு வசதியானதையே எடுத்துக்கொள்வார். டிசி, முகாம் அட்டை, ஆதார், பான் நான்கையும் இன்றே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பிறப்புச் சான்றிதழ் இல்லையென்றால் அதை பெங்களூரில் வாங்க முடியாது. பிறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவு. மண்டபம் பேரூராட்சியிலும் தாலுகா ஆபீசிலும் 1987 பதிவேட்டைத் தேடச் சொல்லி மனுக் கொடுங்கள். ஆஸ்பத்திரியில் பிறந்தவர் என்றால் அங்கேயும் கொடுங்கள். பதிவு கிடைக்காவிட்டால் ‘பதிவு இல்லை’ என்று எழுத்தில் வாங்க வேண்டும். வெறுங்கையோடு திரும்பக் கூடாது. அந்தச் சான்றை வைத்துத்தான் தாமதப் பதிவுக்கு மனுப் போட முடியும். ஒரு வருடம் கடந்த பிறப்புக்கு 1969 பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 13(3)-இன்படி நிர்வாக நடுவர் உத்தரவு தேவை, வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்டிஓ) அலுவலகத்தில் கேளுங்கள். மாமியார் உயிரோடு இருந்தால் அவருடைய பிரமாண வாக்குமூலம் பெரிய பலம்.

சான்றிதழ் கைக்கு வந்த பிறகுதான் பாஸ்போர்ட். குடியுரிமை எப்படி வந்தது என்ற இடத்தில் ‘பிறப்பால்’ என்று குறியுங்கள். பெற்றோர் இலங்கையர் என்பதை மறைக்காமல் ஒரு கடிதத்தில் எழுதி, மேலே சொன்ன சட்டப் பிரிவையும் குறிப்பிட்டு இணையுங்கள். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பாஸ்போர்ட் சட்டம் பிரிவு 11-இன்கீழ் முப்பது நாளுக்குள் மேல்முறையீடு, அதிலும் தோற்றால் கர்நாடக உயர் நீதிமன்றத்தில் ரிட்.

ஒரு கண்ணியில் மட்டும் கால் வைத்துவிடாதீர்கள். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று சென்னை இலங்கைத் துணைத் தூதரகத்தில் கணவருக்கு இலங்கைக் குடியுரிமைப் பதிவோ பாஸ்போர்ட்டோ வாங்க வேண்டாம். வேறு நாட்டுக் குடியுரிமையைத் தானாக ஏற்றவர் இந்தியக் குடியுரிமையை இழக்கிறார் என்பது பிரிவு 9. ஏற்கெனவே எதையாவது வாங்கியிருந்தால் வழக்கறிஞரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கொழுந்தன் கதை வேறு. 1991-இல் இரண்டு வெளிநாட்டவருக்குப் பிறந்ததால் அவர் பிறப்பால் இந்தியர் அல்ல. 1.9.2025 முதல் பழைய வெளிநாட்டவர் சட்டத்துக்குப் பதில் ‘குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம், 2025’ நடப்பில் இருக்கிறது. பாஸ்போர்ட், விசா இல்லாமல் உள்ளே வந்தால் ஐந்து ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். ஆனால் 9.1.2015 வரை இங்கே தஞ்சம் புகுந்த, பதிவு செய்யப்பட்ட இலங்கைத் தமிழர்களுக்கு பாஸ்போர்ட், விசா நிபந்தனையிலிருந்து மத்திய அரசு விலக்கு தந்திருக்கிறது. ‘பதிவு செய்யப்பட்ட’ என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். முகாமை விட்டு வந்தபோது அவர் பெயர் கணக்கிலிருந்து அடிக்கப்பட்டதா, முகாமுக்கு வெளியே வசிப்பவர் என்ற வெளிப்பதிவாக மாற்றப்பட்டதா? முகாம் வருவாய் ஆய்வாளரிடமும் தமிழக போலீசின் கியூ பிரிவிலும் கேட்டு, பதிவு உயிரோடு இருக்கிறது என்பதற்குத் தாள் வாங்குங்கள். அது கையில் இல்லாமல் அவர் பெங்களூரில் இருப்பது ஆபத்து.

இந்த விலக்கு சிறைப் பயத்தைக் குறைக்கும், குடியுரிமை தராது. மேலும் அது ஓர் உத்தரவுதான், அரசு நினைத்தால் திருத்தலாம். நாற்பது வருடமாக இருக்கும் மக்களை இப்படி ஒரு தாளில் தொங்கவிட்டிருப்பது சரியில்லை என்பது என் கருத்து. 2019 குடியுரிமைத் திருத்தத்திலும் இலங்கை இல்லை, 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவும் இல்லை. கொழுந்தன் இயல்புரிமை, அதாவது நீண்ட காலம் இங்கே வசித்ததன் பேரில் குடியுரிமை, கோரி விண்ணப்பிக்கலாம். ‘சட்டவிரோதக் குடியேறி’ என்று தள்ளுவார்கள். ஆனால் சட்டத்தின் விளக்கம் ‘இந்தியாவுக்குள் நுழைந்த வெளிநாட்டவர்’ என்கிறது. இங்கேயே பிறந்தவர் எங்கே நுழைந்தார் என்ற வாதம் இருக்கிறது. வெற்றி உறுதி என்று சொல்ல மாட்டேன். விண்ணப்பம் போட்டு, அது தள்ளப்பட்டால்தான் நீதிமன்றத்தில் அதைப் பேச முடியும்.

இந்தியா தர்ம சத்திரம் அல்ல என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னதை வைத்து வாட்ஸ்அப்பில் பயமுறுத்துகிறார்கள். உபா எனப்படும் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில் தண்டனை பெற்ற ஓர் இலங்கையர் வழக்கில் வாய்மொழியாக வந்த வார்த்தை அது. கொழுந்தனின் விலக்கை அது தொடவில்லை.

போலீஸ் வந்தால் நகல் கொடுங்கள், ஒரிஜினலைக் கையை விட்டு விடாதீர்கள். கொடுத்ததற்கு ஸ்டேஷன் முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். வெளிநாட்டவர் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு சம்பந்தப்பட்டவருடையது என்றாலும், சந்தேகத்துக்கு ஏதாவது ஆதாரம் இருந்தால்தான் கேட்க முடியும் என்று அசாம் வழக்கொன்றில் 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அழைத்துப் போனால் காரணம் கேளுங்கள். கைது என்றால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும், இது வெளிநாட்டவருக்கும் பொருந்தும். சாந்திநகர் பிஎம்டிசி கட்டடத்திலுள்ள வெளிநாட்டவர் பதிவு அலுவலகம் (எஃப்ஆர்ஆர்ஓ) நடமாட்டக் கட்டுப்பாட்டு உத்தரவு போட்டால் நகலை வாங்கி உடனே உயர் நீதிமன்றம் போங்கள். இலவச சட்ட உதவிக்கு 15100.

வீட்டுக்காரர் பயத்திலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. வெளிநாட்டவரைத் தங்கவைத்தால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்ற கடமை அவருக்கு உண்டு, பேச்சு வழக்கில் ‘சி ஃபாரம்’ என்பார்கள். கொழுந்தனுக்கு மட்டும்தான் அது தேவை. முகாம் அட்டை நகலோடு எழுத்தில் தெரிவித்து ஒப்புகை வாங்கிக் கொடுத்தால், பெரும்பாலான வீட்டுக்காரர்கள் இறங்கி வருவார்கள்.

மகனின் நிலை அப்பாவின் தாளைப் பொறுத்தது. 3.12.2004-க்குப் பின் பிறந்தவருக்குப் பெற்றோர் இருவரும் இந்தியராக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் இந்தியராகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராகவும் இருக்க வேண்டும். கணவர் இந்தியர் என்று நிலைநாட்டினால் பையனைப் பற்றிக் கேள்வியே இல்லை. அதனால் அவனுக்கு இப்போது பாஸ்போர்ட் போட வேண்டாம், அப்பாவுடையது வரட்டும்.

ஏஜென்ட் விஷயம். கொழுந்தன் ஆதார் வைத்திருப்பதில் தவறில்லை. ஆதார் சட்டம் பிரிவு 9-இன்படி அது குடியுரிமைக்குச் சான்று ஆகாது, அவ்வளவுதான். வோட்டர் ஐடி அப்படியல்ல. ‘நான் இந்தியக் குடிமகன்’ என்று பொய்யாகக் கையெழுத்திட்டால் ஒரு வருடம் வரை சிறை. குடியுரிமையை மறைத்து பாஸ்போர்ட் கேட்டால் குறைந்தது ஒரு வருடம், ஐந்து வருடம் வரை போகும். அந்த ஒரு பொய் பதிவாகிவிட்டால், பின்னால் அவர் போடும் குடியுரிமை விண்ணப்பத்தில் ‘நன்னடத்தை’ என்ற நிபந்தனையிலேயே அதிகாரி பேனாவை மூடிவிடுவார்.