குன்னூர் லயன் வீட்டில் ஜெபம்: சகோதரிக்குப் பதில்

சகோதரி, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயனில் ஒரே அறையில் ஆறு பேர், விடியற்காலை சத்தமாக ஜெபித்தால் கணவர் எரிந்து விழுகிறார், ஜெபத்தை விடவும் மனமில்லை என்று எழுதியிருந்தீர்கள்.

முதலில் சத்தத்தை விடுங்கள். சீலோவில் அன்னாள் உதடு அசைய, குரல் வெளியே வராமல்தான் ஜெபித்தாள் (1 சாமுவேல் 1:13). அடுப்பு மூட்டும்போதோ, கொழுந்து பறிக்கப் போகும் வழியிலோ பத்து நிமிடம் போதும். பனிக்காலத்தில் முழங்காலில்தான் நிற்கவேண்டும் என்று சிமெண்டுத் தரையில் வதைபட வேண்டாம்.

சண்டைக்குக் காரணம் சத்தம் மட்டும் என்று தோன்றவில்லை. "ஆண்டவரே, இவருடைய குடியை மாற்றும்" என்று அவர் காதுபட ஜெபிப்பது அவருக்குக் குத்திக்காட்டலாகத்தான் கேட்கும். அந்த விண்ணப்பம் தனி ஜெபத்தில் இருக்கட்டும். மாலைக் குடும்ப ஜெபத்தில் ஒரு குறுகிய சங்கீதம் (13-ல் ஆறே வசனம்), பிள்ளைகளில் ஒருவர் ஜெபம், கர்த்தருடைய ஜெபம். அவர் வராவிட்டால் வற்புறுத்தாதீர்கள். 1 பேதுரு 3:1 சொல்வதும் போதனையில்லாமல் நடக்கையால் ஆதாயப்படுத்துவதைத்தான்.

சபையின் பெண்கள் ஐக்கியத்தில் ஜெபக் குறிப்பு என்று வீட்டு விஷயத்தை விரித்துச் சொல்லாதீர்கள், மறுநாளே கொழுந்து எடை போடும் இடத்துக்கு அந்தப் பேச்சு வந்துவிடும். "குடும்பச் சமாதானத்துக்காக" என்றால் போதும்.

உபவாசம் வேலை நாளில் வேண்டாம், சரிவில் தலைசுற்றும். ஞாயிறு காலை ஒருவேளை விடுங்கள். முழு இரவு ஜெபத்துக்கு அவரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். 1 கொரிந்தியர் 7:5 இருவர் சம்மதத்தைக் கேட்கிறது.

அவர் கை ஓங்கினால் மட்டும் ஜெபித்துப் பொறுத்திருக்க வேண்டாம். பெண்கள் உதவி எண் 181-க்கு அழையுங்கள், போதகரிடம் அப்புறம் சொல்லலாம்.