வீட்டு மச்சில் மரநாய் குடியேறிவிட்டது. அதைக் கொல்லாமல் வெளியேற்றுவது எப்படி?

இரவில் மச்சில் ஓட்டச் சத்தம், பலகையில் மூத்திரக் கறை, கூண்டு வைப்பவரைக் கூப்பிடலாமா என்று பக்கத்து வீட்டில் யோசனை சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டுக் கதையும் ஏறக்குறைய இதுதான். கன்னியாகுமரி மாவட்டத்தில் கல்குளம் பக்கம் பழைய ஓட்டு வீடு, மரப்பலகை மச்சு, கூரைமேல் சாய்ந்த பலாமரம். மரநாய்க்கு அதைவிட நல்ல வீடு கிடைக்காது. நான் முதலில் செய்த தப்பைச் சொல்லிவிட்டுப் பிறகு வழிக்கு வருகிறேன். அந்தத் தப்பைத்தான் முக்கால்வாசிப் பேர் செய்கிறார்கள்.

எங்கள் மச்சில் ஒரு மாதமாகச் சத்தம் இருந்தது. பூனை என்றுதான் நினைத்தேன். கழுக்கோலுக்கும் (ஓட்டைத் தாங்கும் சாய்வுக் கட்டை) சுவருக்கும் நடுவே ஒரு நான்கு அங்குல இடைவெளி, அதன் ஓரம் எண்ணெய் பட்டதுபோல் கறுத்துக் கிடந்தது. அதுதான் வாசல். இரவில் வெளியே போகும் பிராணிதானே, போனபின் அடைத்துவிட்டால் தீர்ந்தது என்று கணக்குப் போட்டேன். ஆசாரியை மாலையிலேயே வரவழைத்துக் காத்திருந்தோம். ஏழரை மணிக்கு நீண்ட வால் ஒன்று பலாக்கிளைக்குத் தாவியது. எட்டு மணிக்குள் பலகை அடித்து அடைத்தாயிற்று. எனக்கு ஒரே பெருமை.

இரவு ஒரு மணிக்கு அம்மா எழுப்பினாள். "மேல பிள்ளை கரையது போல இருக்கு மக்களே." குட்டிகள்! சிறிது நேரத்தில் தாய் திரும்பி வந்தது. கூரை ஓடுகளைக் கால்களால் பிறாண்டும் சத்தத்தை இப்போதும் மறக்கவில்லை. விடிவதற்குள் இரண்டு ஓடுகளை நகர்த்திவிட்டது. காலையில் நானே ஏணி வைத்து ஏறி அந்தப் பலகையைப் பிடுங்கினேன். பிடுங்காமல் விட்டிருந்தால் குட்டிகள் பட்டினியில் செத்திருக்கும், மச்சு நாறியிருக்கும், அதைவிட முக்கியமாக அம்மா என்னோடு பேசியிருக்க மாட்டாள்.

ஆகவே முதல் வேலை அடைப்பது அல்ல, குட்டி இருக்கிறதா என்று பார்ப்பது. மரநாய் எந்த மாதத்திலும் குட்டி போடலாம், ஒரு ஈற்றில் இரண்டு முதல் ஐந்து வரை இருக்கும். பகலில் மச்சுக்குக் கீழே நின்று காது கொடுத்துக் கேளுங்கள். மெல்லிய கீச்சுச் சத்தம் வந்தால் ஒன்றும் செய்யாதீர்கள். குட்டிகள் தாயின் பின்னால் வெளியே நடமாட ஏறக்குறைய இரண்டு மூன்று மாதம் ஆகும். நாங்கள் அப்படித்தான் காத்திருந்தோம். பத்து வாரம் கழித்து ஒரு இரவு, முன்னே ஒன்று, பின்னே மூன்று என்று கூரை முகட்டில் வரிசையாகப் போயின.

இன்னொன்று, வந்திருப்பது மரநாய்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வாசல் ஓரத்தில் கோலமாவை மெல்லிசாகத் தூவி வையுங்கள். காலையில் ஐந்து விரல் பதிந்திருந்தால் மரநாய், நான்கு என்றால் பூனை. எச்சமும் சொல்லிவிடும். சப்போட்டா விதை, பனம்பழ நார் எல்லாம் அப்படியே முழுசாக இருக்கும். (லுவாக் காப்பி என்று உலகமே விலை கொடுத்து வாங்குகிறதே, அந்தக் கொட்டையைத் தின்று கழிப்பதும் இதே இனம்தான். காப்பிச் செடி இல்லாத ஊரில் பிறந்தது நம் துரதிர்ஷ்டம் என்றார் என் சித்தப்பா.) பெயரில் நாய், பார்த்தால் பூனை, உறவுமுறையில் இரண்டையும்விடக் கீரிக்குத்தான் பக்கம்.

குட்டி இல்லை என்று தெரிந்தபின் விரட்டும் வேலை. அதற்குப் பிடித்தது இருட்டும் அமைதியும். மச்சில் ஒரு எல்இடி பல்பை இரவும் பகலும் எரிய விட்டேன். பழைய குண்டு பல்பு வேண்டாம், பலகையும் தூசியும் இருக்கும் இடத்தில் தீப்பிடிக்கும். மூன்றாம் நாளிலிருந்து வரத்து குறைந்தது. ரேடியோவும் வைத்துப் பார்த்தேன், மரநாய்க்கு முன்னால் பக்கத்து வீட்டுக்காரர் கோபப்பட்டார். காதுக்குக் கேட்காத ஒலி எழுப்பும் கருவி என்று ஆன்லைனில் விற்பதையும் வாங்கி ஏமாந்தேன். மறுநாள் அதன் பக்கத்திலேயே எச்சம் கிடந்தது. பாச்சை உருண்டையை அள்ளிப் போடச் சொல்வார்கள். அந்த வாடை கீழே தூங்கும் நமக்கும் நஞ்சு, வேண்டாம்.

அடைப்பதற்கு முன் பழைய செய்தித்தாளைக் கசக்கி வாசலில் லேசாகத் திணித்து வையுங்கள். உள்ளே ஏதாவது இருந்தால் இரவில் அதைத் தள்ளிவிட்டு வெளியே வரும். தொடர்ந்து மூன்று இரவு தாள் அசையாமல் இருந்தால் மச்சு காலி. அவ்வளவு பொறுமை இல்லையென்றால் ஒருவழிக் கதவு போடலாம். ஓட்டையைவிடச் சற்றுப் பெரிய கம்பிவலைத் துண்டை மேல் விளிம்பில் மட்டும் கட்டித் தொங்கவிட வேண்டும். உள்ளிருந்து தள்ளினால் திறக்கும், வெளியிலிருந்து தள்ளினால் சட்டத்தில் முட்டி நிற்கும். போனது போனதுதான். ஆனால் குட்டி இருக்கும் மச்சில் இதைச் செய்தால் என் கதைதான் உங்களுக்கும்.

இப்போது கூண்டு. தயவுசெய்து அந்த யோசனையை விட்டுவிடுங்கள். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் மரநாய் பாதுகாக்கப்பட்ட விலங்கு. அந்தச் சட்டத்தில் வேட்டை என்றால் சுடுவது மட்டும் அல்ல, பொறி வைத்துப் பிடிப்பதும் வேட்டைதான். மட்டிப்பழம் வைத்துக் கூண்டில் பிடித்து மலையடிவாரத்தில் விட்டுவிட்டு வருவது புண்ணியம் என்று நினைக்கிறோம். அங்கே எந்த மரத்தில் பழம், எந்தப் பொந்தில் தூங்கலாம் என்று அதற்குத் தெரியாது, ஏற்கெனவே இருக்கும் மரநாய் சும்மா விடவும் விடாது. இங்கேயோ வாசல் திறந்தே கிடக்கிறது, அடுத்த மாதம் வேறொன்று வந்து படுத்துக்கொள்ளும். அறைக்குள் மாட்டிக்கொண்டாலோ கிணற்றில் விழுந்தாலோ வனத்துறை அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். நீங்களே கையால் பிடிக்கப் போகாதீர்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.

பழத்தில் குருணை மருந்து (பயிருக்குப் போடும் பூச்சி விஷம்) வைக்கும் ஆட்களும் இருக்கிறார்கள். அதைப் பற்றி எழுதவே கை வரவில்லை. அந்தப் பழத்தை முதலில் தின்பது யார் வீட்டுக் கோழியோ, யார் வீட்டுப் பிள்ளையோ.

வீட்டைச் சுற்றிய வேலைதான் நிரந்தரமானது. கூரைக்கு ஆறேழு அடிக்குள் வரும் கிளைகளை வெட்டினோம். பலாவின் ஒரு பெரிய கிளையை இழந்ததில் அம்மாவுக்கு இன்னும் வருத்தம். கூரையைத் தொட்டுக்கொண்டு நின்ற தென்னையில் ஒரு முழ அகலத் தகரம் சுற்றினோம். விழுந்த பழங்களை இருட்டும் முன் பொறுக்கிவிடுகிறோம், பூனைக்கு வைக்கும் மீன்சோற்றையும் ஏழு மணிக்கு எடுத்துவிடுகிறோம். மச்சைக் கூட்டும்போது காய்ந்த எச்சத்தை அப்படியே துடைப்பத்தால் கிளப்பாதீர்கள். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, முகத்தில் மாஸ்க், கையில் உறையோடு அள்ளுங்கள். மூத்திர வாடை போகாவிட்டால் அடுத்தது மோப்பம் பிடித்து வரும்.

மரநாய் இப்போதும் எங்கள் தோட்டத்தில்தான் இருக்கிறது. எட்டு மணிவாக்கில் மதில்மேல் நடந்து போகும், டார்ச் அடித்தால் நின்று பார்த்துவிட்டுப் போகும். ஒரே ஒரு சிக்கல், அது மச்சைவிட்டுப் போன மூன்றாம் மாதம் எலி வந்தது. அதுவரை எலி ஏன் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. எலிக்கு விஷமும் வைக்க முடியாது, விஷம் தின்ற எலியைப் பிடித்துத் தின்னும் ஆந்தைக்கும் இந்த மரநாய்க்கும் அது போய்ச் சேரும். மச்சு காலியானபின் வாசலை அடைக்க நான் அடித்திருந்தது அரை அங்குலக் கண் கம்பிவலை. மரநாய்க்கு அது போதும், ஆனால் சுண்டெலி அதிலும் நுழைந்துவிடும். எல்லாவற்றையும் பிரித்து மறுபடி அடித்தேன். நீங்கள் வாங்கும்போதே கால் அங்குலக் கண் வலையாகக் கேட்டு வாங்கிவிடுங்கள், ஆசாரிக்கு இரண்டு தடவை கூலி கொடுக்க வேண்டியிருக்காது.