ஹெர்னியாவை ஆபரேஷன் இல்லாமல் குணப்படுத்த முடியுமா?

தொடை இடுக்கில் வீக்கம், ஸ்கேனில் ஹெர்னியா என்று வந்திருக்கிறது, கத்தி வைக்காமல் பெல்ட், மருந்து, உடற்பயிற்சி என்று ஏதாவது வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆணா பெண்ணா என்று சொல்லவில்லை. ஆண் என்றுதான் நினைக்கிறேன், இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். ஆனால் நீங்கள் அதைச் சொல்லாமல் விட்டதால்தான் நான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் கேட்டதற்குப் பதில். பெரியவர்களுக்கு வந்த ஹெர்னியா தானாக மூடாது. வயிற்றுச் சுவரில் ஒரு ஓட்டை, அதன் வழியாகக் கொழுப்போ குடலோ பிதுங்குகிறது, அவ்வளவுதான் விஷயம். மாத்திரையோ தைலமோ அதை அடைக்காது. பெல்ட் பிதுங்குவதைத் தாங்கிப் பிடிக்கும், கழற்றினால் பழையபடி வரும். பச்சைக் குழந்தைகளுக்குத் தொப்புளில் வருவது மட்டும் பெரும்பாலும் நாலைந்து வயதுக்குள் தானே மூடிக்கொள்ளும். குழந்தையே ஆனாலும் தொடை இடுக்கில் வந்தால் ஆபரேஷன்தான். "என் சித்தப்பாவுக்கு உடற்பயிற்சியிலேயே சரியாகிவிட்டது" என்று யாராவது கீழே எழுதுவீர்கள். நீங்கள் பொய் சொல்வதாக நான் சொல்லவில்லை. எடை குறைந்து, இருமல் நின்று, மலச்சிக்கலும் போனால் வயிற்றுக்குள் அழுத்தம் குறையும், வீக்கம் வெளியே தெரியாமல்கூட இருக்கலாம். ஓட்டை அப்படியேதான் இருக்கும்.

சரி, குணமாகாது என்றால் உடனே ஓடிப்போய்ப் படுக்க வேண்டுமா? ஆண்களுக்குப் பெரும்பாலும் அப்படி அவசியமில்லை. என் வீட்டுக்காரர் மூன்று வருஷம் காத்திருந்தார், டாக்டர் சொல்லித்தான். காலையில் எழுந்திருக்கும் முன்பே மல்லாந்து படுத்தபடி விரலால் மெல்ல அழுத்துவார், களக் என்று ஒரு சத்தத்தோடு உள்ளே போகும், அதற்கப்புறம்தான் பெல்ட்டை மாட்டுவார். வெளியே பிதுங்கியிருக்கும்போதே மேலே பெல்ட்டை இறுக்கக் கூடாது, அதை யாரும் செய்துவிடாதீர்கள். கடைசியில் நாள் முழுக்க நின்றால் வலி தாங்கவில்லை என்று அவரே போய் வலை வைத்துத் தைத்துக்கொண்டார். தொல்லை அதிகமில்லாத 720 ஆண்களை வைத்து வட அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு செய்து 2006-ல் வெளியிட்டார்கள். காத்திருந்தவர்களில் குடல் மாட்டிக்கொண்டு அவசரமாக வந்தவர்கள் வருஷத்துக்கு ஆயிரத்தில் இரண்டு பேருக்கும் குறைவு. ஆனால் இரண்டு வருஷத்தில் கிட்டத்தட்ட நாலில் ஒருவரும், பத்து வருஷத்தில் மூன்றில் இரண்டு பேரும் ஆபரேஷனுக்கு வந்துவிட்டார்கள், முக்கியமாக வலிக்காக. ஆக, காத்திருப்பது பெரும்பாலும் தள்ளிப்போடுவதுதான், ஆனால் பெரிய ஆபத்தில்லாமல் தள்ளிப்போடலாம்.

அந்த 720 பேரும் ஆண்கள். இதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

அவருக்கு ஆபரேஷன் முடிந்து இரண்டு வருஷம் கழித்து எனக்கு வலது தொடை மடிப்புக்குக் கொஞ்சம் கீழே கோலிக்குண்டு மாதிரி ஒன்று தட்டுப்பட்டது. அமுக்கினால் உள்ளே போகாது, வலியும் கிடையாது. டாக்டரிடம் போனேன். படுக்கவைத்துப் பார்த்துவிட்டு "நெறி கட்டியிருக்கு" என்று ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார். குறையவில்லை, இன்னொரு முறை அதையே கொடுத்தார். வீட்டில் பார்த்திருப்பதால், இது ஹெர்னியாவாக இருக்குமோ என்று நானே கேட்டேன். "அது ஆம்பளைங்களுக்கு வர்றதும்மா" என்றார். எழுந்து நின்று இருமச் சொல்லக்கூட இல்லை. ஸ்கேன் எழுதவில்லை. நானும் சங்கடமான இடம் என்று அதோடு விட்டுவிட்டேன்.

நாலு மாதம் கழித்து ஒரு ராத்திரி வாந்தி நிற்கவே இல்லை. வயிறு உப்பி, தொப்புளைச் சுற்றி முறுக்கி முறுக்கி வலி. தொடையில் வலியே பெரிதாக இல்லை, அதனால் எனக்கும் அது ஞாபகம் வரவில்லை. அவசரப் பிரிவில் வயிற்றை மட்டும் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பயிற்சியில் இருந்த ஒரு சின்னப் பெண்தான் போர்வையை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கி "இது எவ்வளவு நாளா இருக்குக்கா?" என்று கேட்டாள். கோலிக்குண்டு அப்போது சிவந்து கல் மாதிரி ஆகியிருந்தது. அதற்குள் குடலின் ஒரு மடிப்பு மாட்டியிருக்கிறது. உள்ளே கறுத்துப்போயிருந்த குடலை, வெதுவெதுப்பான உப்புநீரில் நனைத்த துணியால் சுற்றிவைத்து, நிறம் திரும்புகிறதா என்று காத்திருந்ததாக அப்புறம் சொன்னார்கள். திரும்பியது. அதனால் வெட்டாமல் உள்ளே விட்டார்கள்.

எனக்கு வந்தது ஃபெமரல் ஹெர்னியா, தொடை மடிப்புக்குக் கீழே வரும் வகை. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வருவது அதுதான். வாய் குறுகலாக, சுற்றிலும் விட்டுக்கொடுக்காத நாராக இருப்பதால் உள்ளே போனது சுலபமாக நெரிபடும். அதற்குக் காத்திருந்து பார்க்கலாம் என்ற பேச்சே கிடையாது, தெரிந்தவுடன் செய்துகொள்ளச் சொல்கிறார்கள். நான் டாக்டர் இல்லை, எல்லா டாக்டர்களும் அப்படி என்றும் சொல்லவில்லை, என்னைக் காப்பாற்றியதும் டாக்டர்கள்தான். ஆனால் ஆண்களுக்குத்தான் வரும் என்ற ஒரு வரியால் என் குடல் போயிருக்கும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றும் எழுதிவிடுகிறேன், மனசில் கிடக்கிறது. அவருக்கு ஆபரேஷன் ஆனபோது மாமியார், நாத்தனார், கொழுந்தனார் எல்லோரும் மாறிமாறி வந்தார்கள், இரண்டு வாரம் அவரைக் குனியவே விடவில்லை. எனக்கு ஒன்பதாம் நாள் "சின்னக் கட்டிதானே எடுத்தாங்க" என்று சொல்லித் துணி வாளியைக் கையில் கொடுத்தார்கள். பாரம் தூக்கக் கூடாது என்று டிஸ்சார்ஜ் தாளில் எழுதியிருந்தது, வாசித்தும் காட்டினேன். தூக்கத்தான் வேண்டியிருந்தது. அவரும் பக்கத்தில்தான் இருந்தார்.

ஆபரேஷனில் குறையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். சுமார் பத்தில் ஒருவருக்கு வலி மாதக்கணக்கில் நீடிக்கிறது, அவருக்கும் தையலுக்குக் கீழே இன்னும் மரத்த மாதிரிதான் இருக்கிறது. அதையெல்லாம் டாக்டரிடம் கேட்டு, வயதையும் தொல்லையையும் பார்த்து நிதானமாக முடிவு செய்யலாம். ஆனால் வீக்கம் உள்ளே போகாமல் இறுகிவிட்டாலோ, நிறம் மாறினாலோ, வாந்தி வந்தாலோ, காற்றுகூடப் பிரியாமல் வயிறு உப்பினாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் எந்த வகை என்று போட்டிருப்பார்கள். எடுத்துப் பாருங்கள், ஆண்களுக்குப் பெரும்பாலும் தொடை இடுக்கில் வருகிற இங்குவைனலா, எனக்கு வந்த ஃபெமரலா என்று. நீங்கள் பெண்ணாக இருந்தாலோ, இதை உங்கள் அம்மாவுக்காகக் கேட்டிருந்தாலோ, பெல்ட் வாங்கப் போகாதீர்கள், இந்த வாரமே ஒரு சர்ஜனிடம் காட்டிவிடுங்கள்.